கதவு எண் எழுத வேண்டிய இடம்

1

இந்தக் கதை ஒரு குறுஞ்செய்தியிலிருந்து வந்தது. அது என் கைப்பேசிக்கு வந்து பதினெட்டு நாள் ஆகிறது. ஆனால் எனக்கு வந்ததல்ல, பரிபூரணம் அக்காவுக்கு வந்தது. அவரிடம் போன் கிடையாது என்பதால் என் எண்ணைக் கொடுத்திருந்தோம். இன்றுவரை அதை அவரிடம் படித்துக் காட்டவில்லை.

முதலில் 'நான்' என்றுதான் தொடங்கினேன். மூன்று முறை எழுதி மூன்று முறையும் அடித்தேன். வெட்கமாக இருந்தது. ஆகவே ஜாபிர் என்று ஒருவனை ஏற்பாடு செய்திருக்கிறேன். ராஜபாளையத்தில் வீட்டு முன்னறையையே ஜெராக்ஸ் கடையாக்கி, ஊராருக்கு ஆன்லைனில் மனு போட்டுத் தருகிறவன். என்னைவிடக் கொஞ்சம் ஒல்லி. அந்தச் சலுகையையாவது எனக்கு விடுங்கள்.

2

தொடக்கம், முதல் முயற்சி: அடைமழை பெய்துகொண்டிருந்த ஒரு மாலையில், வீடற்ற பெண்மணி ஒருவர்

(வேண்டாம். 'பெண்மணி' என்றதும் யாரோ ஆகிவிடுகிறார். மழையும் பெய்யவில்லை.)

இரண்டாம் முயற்சி: ஜாபிர் வீட்டுக்கு எதிரே ஒரு லைன் வீடு இருந்தது. அதில் பதினோரு வருடம் குடியிருந்தவர் பரிபூரணம். பேண்டேஜ் துணிக் கம்பெனியில் வேலை. ஜாபிரின் மகள் சப்ரீன் பிறந்தபோது, அவன் மனைவி ஜெய்னபுக்கு ஒரு மாதம் வெந்நீர் வைத்துக் கொடுத்தவர். போன தை மாதம் லைன் வீட்டை இடித்துவிட்டார்கள். தனியாக இருக்கும் பெண்ணுக்கு வீடு தர யாருக்கும் மனம் வரவில்லை. பாத்திர மூட்டை ஜாபிர் கடை மேசைக்கு அடியில் வந்து சேர்ந்தது. பரிபூரணம் ஷட்டருக்கு வெளியே பழைய பிளெக்ஸ் ஒன்றை விரித்துப் படுக்க ஆரம்பித்தார்.

இது சரியாக இருக்கிறது. இப்படியே போவோம்.

3

ஸ்ரீவில்லிபுத்தூர் அரசு அடுக்குமாடிக் குடியிருப்பில் சில வீடுகள் மிச்சம் இருக்கின்றன, வீடில்லாதவர்கள் மனுச் செய்யலாம் என்ற செய்தி ஜாபிர் கண்ணில்தான் முதலில் பட்டது.

"எனக்கெல்லாம் குடுப்பாகளா தம்பி?" என்றார் பரிபூரணம்.

"ஏன் குடுக்க மாட்டாக? நான் இருக்கேன்லக்கா."

(கடைசி வாக்கியத்தை அடித்துவிடலாமா என்று யோசித்தேன். சொன்னது சொன்னதுதான். இருக்கட்டும்.)

எல்லாக் கட்டமும் நிரம்பி, மிஞ்சியது முகவரி. வீடில்லாதவரிடமும் அதைக் கேட்கிறார்கள். நேரில் வந்து விசாரிக்க ஓர் இடம் வேண்டுமாம். தெரிந்தவர் வீட்டு எண்ணை 'கேர் ஆஃப்' என்று போட்டால் போதும்.

இந்த இடத்தில் முதல் பிரதியில் இப்படி எழுதியிருந்தேன்: ஜெய்னப் முகம் சுளித்தாள். "நம்ம அட்ரஸைக் குடுத்தா பொறவு வீட்டுல வந்து ஒக்காந்துக்கிருவாக" என்றாள்.

பொய். ஜெய்னப் அப்படிச் சொல்லவே இல்லை. சோறு போட்டுக்கொண்டே அவள் சொன்னது இது:

"இதுல யோசிக்க என்ன இருக்கு? நம்ம கதவு நம்பரைப் போட்டு விடுங்க."

யோசித்தவன் ஜாபிர்தான். ஊரில் பாதிப் பேருக்கு ஆதார் முகவரி மாற்றிக் கொடுத்தவன் அல்லவா? ஒரு முகவரியை வைத்து என்னென்ன வாங்கலாம் என்று அவனுக்குத் தெரியும். முதலில் ரேஷன் கார்டு, பிறகு வாக்காளர் அட்டை, அப்புறம் ஒருநாள் மூட்டையோடு உள்ளே வந்துவிட்டால்? இடித்துவிட்ட லைன் வீட்டின் கதவு எண்ணைத் தட்டினான். ஜெய்னபிடம் "போட்டாச்சு" என்றான்.*

* எதைப் போட்டான் என்று அவன் சொல்லவில்லை. அவள் கேட்கவும் இல்லை. அவனை நம்பினாள்.

4

அதன்பிறகு பரிபூரணம் வாரம் ஒருமுறை மகளிர் இலவசப் பேருந்தில் ஸ்ரீவில்லிபுத்தூர் போய், அந்தக் கட்டடத்தை வெளியே நின்று பார்த்துவிட்டு வந்தார்.

"ரெண்டாவது மாடில ஒரு வீடு பூட்டியே கெடக்கு தம்பி. சன்னல் மேக்க பாத்து இருக்கு. வெயில் அடிக்கும். அடிச்சா அடிக்கட்டும், ஒரு சேலையக் கட்டி விட்டுருவேன்."

அப்படி அவர் போயிருந்த ஒரு செவ்வாய்க்கிழமைதான் விசாரிக்க ஆள் வந்தார். எதிரே வெறும் மனையைப் பார்த்தார். கையிலிருந்த தாளைப் பார்த்தார். நேராக ஜாபிர் கடைக்கு வந்தார்.

"பரிபூரணம்னு ஒருத்தர், எதுத்தாப்புல இருக்க நம்பர்ல. தெரியுமா பாய்?"

(இங்கே நின்றுவிட்டேன். எழுந்து போய் ஒரு டீ குடித்துவிட்டு வந்தேன். 'தெரியும் சார், இங்கதான் இருக்காங்க, அட்ரஸை நான்தான் மாத்திப் போட்டேன்' என்று அவனைச் சொல்ல வைக்கலாம். என் கதை, என் ஆள். யார் கேட்கப் போகிறார்கள்?)

மேசைக்கு அடியில் பாத்திர மூட்டை அவன் காலில் இடித்துக்கொண்டிருந்தது. இல்லாத முகவரியைப் பதிந்தது தெரிந்தால் கடைக்கு வம்பு வரும் என்று பயந்தான்.

"அப்படி யாரும் இல்ல சார்."

இதை எழுதும்போது எனக்குக் காது சுடுகிறது.

5

குறுஞ்செய்தி: மனு நிராகரிக்கப்பட்டது. குறிப்பிட்ட முகவரியில் மனுதாரர் இல்லை.

பரிபூரணம் தினமும் காலையில் தெருக்குழாயில் முகம் கழுவிவிட்டு வந்து கேட்பார்.

"மெசேஜ் ஏதும் வந்துச்சா தம்பி?"

"இன்னும் வரலக்கா."

"வரும். அவியளுக்கு எம்புட்டு வேலை இருக்கும்."

முடிவு அ: ஜாபிர் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறான். அக்கா மன்னித்துவிடுகிறார். (எனக்கு வேண்டிய வசனத்தை அவர் வாயில் திணிக்கிறேன். தள்ளுபடி.)

முடிவு ஆ: ஜெய்னப் தற்செயலாக அவன் போனைப் பார்த்துவிட்டு, அவளே போய் (இதுவும் அவள் தலையிலா?)

6

ஜாபிரை அனுப்பிவிட்டேன். இனி அவன் எதற்கு?

இன்று வெள்ளிக்கிழமை. மறுமனுவுக்கு இன்றுதான் கடைசி நாள். புதுப் படிவம் திறந்திருக்கிறது. பெயர் போட்டாகிவிட்டது. முகவரிக் கட்டத்துக்கு வந்து நிற்கிறேன். என் எண்ணைப் போட்டால், பழைய எண் யாருடைய வேலை என்று அக்காவிடமும் ஜெய்னபிடமும் சொல்ல வேண்டிவரும்.

இவ்வளவு நேரம் என்னைத் திட்டிக்கொண்டுதான் வாசித்திருப்பீர்கள். நியாயம்தான். அப்படியானால் இந்த ஒரு வரியை நீங்களே எழுதுங்கள். உங்கள் வீட்டுக் கதவு எண், உங்கள் தெரு.

பரிபூரணம், கேர் ஆஃப்: ................................

கொஞ்சம் யோசித்தீர்கள்தானே? நான் இன்னும் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறேன். வெளியே அக்கா முகம் கழுவும் சத்தம் கேட்கிறது.