தடுப்புக்கு அந்தப்பக்கம் ஏழு தட்டு

சேவுகப்பெருமாள் நல்ல மனிதர். நேரத்துக்கு மட்டும் வரமாட்டார். கோட்டையூரில் உரக்கடை வைத்திருக்கும் அவர், யார் கூப்பிட்டாலும் "இந்தா கிளம்பிட்டேன்" என்பார். அவர் தலை தெரிவதற்குள் பந்தி முடிந்து இலை எடுத்திருப்பார்கள். ஒரே தங்கை சத்தியப்பிரியாவின் வளைகாப்பிலும் அதே கதைதான். பிறந்தவீட்டு வளையல் போய்ச் சேர்ந்தபோது, வாழ்த்த வந்த பெண்கள் அவரவர் வீட்டில் மதியத் தூக்கத்தில் இருந்தார்கள். குழந்தை பிறக்கும்வரை அண்ணனோடு அவள் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஒன்பது வருடம் காத்திருந்து பெற்ற அந்தப் பெண்குழந்தைக்கு இன்று காதுகுத்து. மேலூர் போகும் நான்குவழிச் சாலையோரம், மாப்பிள்ளை வீட்டுக் குலதெய்வக் கோயிலில் ஒன்பதிலிருந்து பத்தரைக்குள் நல்ல நேரம். தாய்மாமன் மடியில் உட்கார்த்தித்தான் காது குத்த வேண்டும். நம் ஆள் வராவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் ஏற்பாடு இருந்தது. சித்தி மகன் முத்தரசு, அவனும் மாமன் முறைதான், பட்டுச் சட்டையும் மடிப்புக் கலையாத வேட்டியுமாக முந்தின நாள் சாயங்காலமே போய்க் கோயில் மண்டபத்தில் படுத்துக்கொண்டான். அதைக் கேட்டதிலிருந்து சேவுகப்பெருமாளுக்குச் சோறு இறங்கவில்லை. இந்தத் தடவையும் தவறினால் தங்கை ஆயுசுக்கும் மன்னிக்கமாட்டாள் என்று அவருக்கு உண்மையிலேயே பயம்.

அதனால் காலை எட்டரைக்கே காரை எடுத்துவிட்டார். பார்த்தவர்கள் கையிலிருந்த கடிகாரத்தை ஒருமுறை தட்டிப் பார்த்துக்கொண்டார்கள். முன்னால் அவரும் மனைவி சந்திரலேகாவும். பின்னால் மகள் சினேகாவும், முத்தரசைப் பெற்ற பொன்னுத்தாயி சித்தியும். டிக்கி நிறைய ஏழு சீர்த்தட்டு. விளக்கேற்றிக் கும்பிட்டு எடுத்த தட்டு, போய்ச் சேரும்வரை தரையில் படக்கூடாது என்பது அவர்கள் வீட்டு வழக்கம்.

திருப்பத்தூர் தாண்டிச் சிறிது தூரத்தில், ஒன்பது பத்துக்கு, வலப்பக்கப் பின் டயர் வெடித்தது. கார் ஒரு ஆட்டம் ஆடியது. சேவுகப்பெருமாள் பதறாமல் வேகத்தைக் குறைத்து இடது ஓரம் ஒதுக்கி நிறுத்தினார். அந்த ஒன்றுக்காக அவரைப் பாராட்டத்தான் வேண்டும். சந்திரலேகா கையை நீட்டி நாலு இண்டிகேட்டரையும் மினுங்கவிட்டாள்.

"பத்து நிமிசம். டயரை மாத்திட்டுக் கிளம்பிருவோம்" என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போய் டிக்கியைத் திறந்தார். தட்டுகளுக்கு அடியில் மாற்று டயர் இருந்தது. ஜாக்கி இல்லை. ஸ்பேனர் இல்லை. நின்ற வண்டிக்குப் பின்னால் வைக்கும் சிவப்பு முக்கோணமும் இல்லை. நல்ல காரியத்துக்குப் போகிற தட்டுக்குக் கீழே கரியும் மசகுமாக இரும்பு எதற்கு என்று சித்தி சொல்ல, விடியற்காலையில் அவரே எல்லாவற்றையும் அள்ளிக் கொண்டுபோய் வீட்டு வராந்தாவில் பத்திரமாக வைத்திருந்தார். அங்கே அவை இப்போதும் பத்திரமாகத்தான் இருந்தன.

அடுத்த யோசனைக்கு அவருக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை. பெண்கள் காருக்குள்ளேயே இருக்கட்டும். தான் ரோட்டில் நின்று கையைக் காட்டி, வருகிற வண்டி எதையாவது மறித்து ஜாக்கி வாங்கிவிடுவது. வெள்ளை வேட்டியில் தூரத்திலிருந்தே தெரியும் என்று அதற்கு ஒரு நியாயமும் சொன்னார்.

சந்திரலேகா அரசு ஆஸ்பத்திரியில் விபத்துப் பிரிவு நர்ஸ். பதினாறு வருடமாக இப்படி யோசித்தவர்களுக்குக் கட்டுப் போட்டவள். ஒருத்தரும் காருக்குள் இருக்கக்கூடாது, இடப்பக்கக் கதவு வழியாக இறங்கி ரோட்டோர இரும்புத் தடுப்பைத் தாண்டிக் கீழே போய் நிற்க வேண்டும் என்றாள். சீரை விட்டுவிட்டு எப்படிப் போவது, கீழே வைக்கவும் முடியாதே என்று சித்தி முறையிட்டாள்.

"தரையில வைக்க வேணாம் அத்தை. தலையில வைங்க."

இப்படியாக அந்தச் சீர்வரிசை மேளம் இல்லாமல், மாலை மரியாதை இல்லாமல் கருவேலங்காட்டுக்குள் இறங்கியது. வயலுக்குக் கஞ்சி சுமந்து பழகிய சித்தி தலையில் தேங்காய்த் தட்டும் இடுப்பில் பழத்தட்டும் வைத்துக்கொண்டாள். சந்திரலேகாவுக்கும் அதேபோல இரண்டு. சேவுகப்பெருமாளின் இரண்டு கையிலும் பட்டுப்பாவாடையும் இனிப்பும். சினேகாவிடம் சிறிய மஞ்சள் குங்குமத் தட்டு. ஒரு கை காலியாக இருந்ததால் வீட்டாரின் மொத்த டெலிபோன் வேலையும் அவள் தலையில் விழுந்தது. முதலில் நெடுஞ்சாலை உதவிக்கு 1033 போட்டாள். சாலை ரோந்து வண்டி வர முக்கால் மணி நேரம் ஆகும் என்றார்கள். அடுத்ததாகச் சித்தி சொல்ல, முத்தரசுக்குப் போட்டாள். எதற்கும் தயாராக இருக்கும்படி அம்மா மகனிடம் சொன்னது எல்லாருக்கும் கேட்டது.

சேவுகப்பெருமாளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இரண்டு நிமிடம் ரோட்டில் நின்றால் ஜாக்கி கிடைத்துவிடும், அவ்வளவுதானே என்று, தட்டுகளை மகளிடம் தள்ளப் பார்த்தார். சந்திரலேகாவால் அவர் கையைப் பிடிக்க முடியவில்லை. அவளுக்கும் கை இல்லை.

"நீங்க தடுப்பைத் தாண்டுனீகன்னா, இது ரெண்டையும் இங்குட்டே போட்டுட்டு வந்து உங்களை இழுப்பேன்" என்றாள்.

போட்டுவிடுவாள் என்று அவருக்குத் தெரியும். நின்றார். வாயைத் திறந்து பதில் சொல்வதற்குள் ஒரு சரக்கு வேன் ஓரத்தை உரசிக்கொண்டு வந்து, காரின் வலப்பக்கக் கண்ணாடியைப் பிய்த்து எறிந்து, கதவை நீளக் கீறிவிட்டு, நிற்காமல் போயிற்று. வேட்டி கட்டிய ஒருவர் கை காட்டி நிற்கச் சரியாகத் தேர்ந்தெடுத்திருந்த இடம் அது. சேவுகப்பெருமாள் பிடித்திருந்த பட்டுப்பாவாடைத் தட்டில் எலுமிச்சம்பழம் உருண்டுகொண்டே இருந்தது.

மணி பத்தேகால் ஆயிற்று. இனிப் போய்ச் சேர வழியில்லை. தங்கைக்குப் போன் போடும்படி மகளிடம் சொன்னார். சினேகா போனை அவர் காதில் வைத்துப் பிடித்தாள். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார், ஜாக்கி வராந்தாவில் இருப்பது உட்பட. கடைசியில், "நேரம் போயிரும் தாயி. முத்தரசு மடியில உக்கார வச்சுக் குத்தீரு" என்றார்.

எல்லாரும் தடுப்புக்கு அந்தப்பக்கம்தான் நிற்கிறீர்களா என்று சத்தியப்பிரியா கேட்டாள். அண்ணியும் நிற்கிறாளா, சினேகா நிற்கிறாளா என்று ஒவ்வொருவராகக் கேட்டாள்.

"அங்கனயே நில்லுண்ணே. காது வர்ற வியாழக்கிழமையும் குத்தலாம். மடிக்கு நான் எங்க போவேன்?"

சேவுகப்பெருமாளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அடக்கவும் முடியவில்லை, துடைக்கவும் கை இல்லை. மூக்கும் கண்ணும் ஒழுக, இரண்டு தட்டையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தேம்பினார்.

அந்த நேரம் பார்த்துத்தான் ரோந்து வண்டி வந்தது. இறங்கிய ஊழியர் கீறிக் கிடந்த கதவைப் பார்த்தார், அழுகிற மனிதரைப் பார்த்தார், முதலுதவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தடுப்பருகே ஓடிவந்தார். யாருக்கு எங்கே அடி என்று பதற்றமாகக் கேட்டார்.

"யாருக்கும் அடி இல்லைங்க" என்றாள் சந்திரலேகா. "இவுக தாய்மாமன்."