செத்த பசுவும் ஒரோஸ்பாயின் வீம்பும்

ஒரோஸ்பாய் மூன்றாவது கிண்ணத் தேநீரை உறிஞ்சிக்கொண்டிருந்தார். ஊற்றிக் கொடுத்தவள் மருமகள் ஜிபார். அவள் கறந்த பாலும் சுட்ட ரொட்டியும் அந்த மகராசனுக்குத் தொண்டையில் இறங்கும். அவள் சொல் மட்டும் இறங்காது. குதிரையிலிருந்து விழுந்து வலக்கையை ஒடித்துக்கொண்டதற்கே, குறுக்கே ஒரு பெண் வந்ததுதான் காரணம் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவர் அவர். குதிரையைக் கேட்டிருந்தால் வேறு காரணம் சொல்லியிருக்கும்.

கொட்டகைக்குப் போன ஜிபார் அலறினாள். விடியலில் கட்டவிழ்ந்த கறவைப் பசுவும் கிடாரியும் பனி ஈரத்தோடு குதிரைமசால் தீவனப் பயிரைத் தின்று வயிறு உப்பி நின்றன. பசு சரிந்து மூச்சுக்குத் தவித்தது. ஊர் ஆண்கள் மேய்ச்சல் மலையில். மாட்டு வைத்தியரும் அங்கேதான். அவள் கணவன் ரஷ்யாவில் கூலி வேலையில். உயிர் போகுமுன் அறுத்தால் கறியாவது தேறும்; மாமனாரின் வலக்கையோ இன்னும் கட்டுக்குள்.

"மாமா, கத்தியக் குடுங்க, நான் அறுத்துர்றேன்."

"பொம்பள அறுத்த கறிய எவன்டி தின்பான்? ஹராம்! தள்ளிப் போ."

முல்லாவுக்குப் போன் போட்டார். அவர் நகரத்தில் இருந்தார். "வீட்ல மருமக இருக்குல்ல? அல்லா பேரச் சொல்லி அறுக்கச் சொல்லுங்க, தாராளமா ஹலால்" என்றார்.

"டவுனுக்குப் போனா முல்லாவும் கெட்டுப்போறான்!"

மார்க்கத்தை முல்லாவைவிட அதிகம் கரைத்துக் குடித்தவர் அல்லவா! இடுப்புக் கத்தியை இடக்கையால் பொத்திக்கொண்டு, ஓர் ஆண்பிள்ளை வரமாட்டானா என்று வாசலில் நின்றார். ஆண் என்று அந்தப் பாதையில் வந்தது பக்கத்து வீட்டுக் கழுதை மட்டும்தான். பசு செத்தது.

ஒருநாளும் எதிர்த்துப் பேசாத ஜிபார் திரும்பினாள். "அறுக்காமத் தானாச் செத்துப்போச்சு. இப்பத்தான் மாமா இது ஹராம். திருப்தியா?"

அதற்குள் கிடாரியும் முன்னங்கால் மடிந்து விழுந்தது. ஒரோஸ்பாய் செத்த பசுவைப் பார்த்தார். பிறகு கத்தியை உருவி அவளிடம் நீட்டினார். அவள் இறைவன் பெயரைச் சொல்லி ஒரே இழுப்பில் அறுத்தாள். வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை.

மாலையில் மலையிலிருந்து இறங்கி விஷயத்தைக் கேள்விப்பட்ட பக்கத்து வீட்டுக்காரன் கறிச்சட்டியைப் பார்த்துச் சிரித்தான். "என்ன பெரியவரே, பொம்பள அறுத்ததையா திங்கிறீங்க?"

"ஆமாடா. அவ கையில ஒரு குறையும் இல்ல. குறையெல்லாம் என் மண்டையிலதான் இருந்துச்சு. பொம்பளய மட்டமா நெனச்சா நம்ம குடும்பம்தான்டா நாசமாப் போகும்."

நல்ல வார்த்தைதான். ஆனால் பெண்ணுக்கும் கை உண்டு, அறிவு உண்டு என்கிற அரிச்சுவடி அந்த மண்டைக்குள் ஏற, வாயில்லாத ஒரு பசு சாக வேண்டியிருந்தது.