பதினோராவது டிசி

கோகிலாவுக்கு சேலத்தில் அரசு நர்சிங் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. செப்டம்பர் பதினான்கு மாலை ஐந்து மணிக்குள் மாற்றுச் சான்றிதழோடு வந்து சேர வேண்டும். இன்று பதின்மூன்று.

சான்றிதழைப் பள்ளி தரவில்லை. பிளஸ் ஒன்னிலும் பிளஸ் டூவிலும் சேர்த்து அறுபத்திரண்டாயிரம் பாக்கி. அவள் அப்பா ஜெயபால் தக்காளி போட்டிருந்தார். இரண்டு வருடமும் பாலக்கோடு மண்டியில் வண்டி வாடகைகூடத் தேறவில்லை.

ஜூனில் அப்பாவும் மகளும் தாளாளர் வெங்கடாசலத்தின் முன் நின்றார்கள்.

“ஃபீஸுக்காக டிசிய நிறுத்தக் கூடாதுன்னு கோர்ட்டு சொல்லியிருக்குதாமுங்க,” என்றார் ஜெயபால்.

“அப்ப கோர்ட்டுலயே போய் வாங்கிக்கங்க.”

ஜெயபால் கையைக் கட்டிக்கொண்டார். வெங்கடாசலம் கோகிலாவைப் பார்த்தார்.

“கம்ப்யூட்டர் தெரியுமில்ல? ஆபீஸ்ல உக்காரட்டும். மாசம் ஆறாயிரம் கழிச்சுக்கலாம்.”

அன்றிலிருந்து மற்ற பிள்ளைகளின் டிசிகளை அவள்தான் அடித்து அச்செடுக்கிறாள்.

பாக்கி இல்லாதவர்களுக்குத் தாளாளர் மஞ்சள் சீட்டு தருவார். ஒரு சீட்டுக்கு ஒரு டிசி. முதல்வர் கையெழுத்துப் போட்டதும் பள்ளி ஆயா காசியம்மாள் முத்திரை குத்துவாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. எண்ணத் தெரியும். அதனால்தான் முத்திரையை அவளிடம் கொடுத்திருந்தார்கள்.

இன்று பத்துச் சீட்டு. கோகிலா பதினொன்று அச்செடுத்தாள். தன்னுடையதை ஆறாவதாகச் செருகினாள். விலகும் காரணம் என்ற இடத்தில் ‘மேற்படிப்பு’ என்று அடித்திருந்தாள்.

முதல்வர் காதுக்கும் தோளுக்கும் நடுவே ஃபோனை இடுக்கிக்கொண்டு பதினொன்றிலும் கையெழுத்திட்டார்.

கோகிலா தாள்கட்டைக் கொண்டுபோய்க் காசியம்மாளின் மேசையில் வைத்தாள்.

“என்ன பாப்பா, மூஞ்சி இப்படி வேர்த்துக் கெடக்குது? ஃபேனு ஓடுதில்ல?”

“காய்ச்சலுங்க ஆயா.”

“காய்ச்சலோடயா வேலைக்கு வந்த?”

காசியம்மாள் கட்டைவிரலை நாக்கில் தொட்டு எண்ணினாள். மறுபடியும் எண்ணினாள். முத்திரையை மைப்பெட்டியின் மேலேயே வைத்தாள்.

“சீட்டு பத்து. காயிதம் பதினொண்ணு.”

கோகிலா கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

“உன்னுது எத்தனாவது?”

“ஆறு.”

“அவளும் நடுவுலதான் வெச்சா.”

“யாருங்க?”

“எம் பொண்ணு மலர்விழி. இதே சேருதான். இதே கம்ப்யூட்டருதான். மூணு வருசமாச்சு.”

“குத்தினீங்களா ஆயா?”

“அன்னிக்கு சீட்டு எட்டு. காயிதம் ஒம்போது.”

வெளியே எல்கேஜி பிள்ளைகள் ஏதோ பாட்டை ஒன்றாகக் கத்தினார்கள்.

“நாளைக்குத்தான் கடைசி நாளு ஆயா. ஒண்ணே ஒண்ணு. யாருக்குத் தெரியப் போகுது?”

“தெரியாது. அன்னிக்கும் தெரிஞ்சிருக்காது. அது எனக்கு அப்புறந்தான் தெரிஞ்சுது.”

“அப்ப குத்துங்க.”

காசியம்மாள் முத்திரையை எடுத்தாள். ஆறாவது தாளை உருவி முன்னால் வைத்தாள். கை மேலேயே நின்றது. பிறகு இறங்கி மைப்பெட்டிக்கே போனது.

“பெத்த புள்ளைக்கே குத்தல. உனக்குக் குத்திட்டு அவ மூஞ்சில எப்படி முழிப்பேன்?”

“அக்கா இப்ப எங்க இருக்குது?”

“திருப்பூருல. பனியன் கம்பெனி. ஃபோனு பண்ணா எடுக்க மாட்டா.”

கோகிலா தன் தாளை எடுத்து மடித்தாள்.

“கிழிச்சிடாத,” என்றாள் காசியம்மாள். “அவளும் வெச்சிருக்கா.”

பத்து முறை மேசை அதிர்ந்தது.

முதல் டிசியை வாங்க ஒருவர் பெஞ்சிலிருந்து எழுந்து வந்தார். கடத்தூர் பக்கத்துக்காரர், வேட்டியில் செம்மண். மகனை அரசுப் பள்ளிக்கு மாற்றுகிறார். தாளை இரண்டு கையாலும் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பி நீட்டினார்.

“எனக்கு எழுத்து தெரியாதுங்க பாப்பா. சீலு சரியா வுழுந்திருக்குதான்னு பாரு. அது இல்லீன்னா அங்க சேத்திக்க மாட்டாங்களாம்.”

கோகிலா தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். ஊதா வட்டம் இன்னும் ஈரமாக இருந்தது.

“நல்லா விழுந்திருக்குங்க,” என்றாள்.