தவளை இருந்த பக்கம்

என் மகளின் படப்புத்தகத்தில் நடுப்பக்கங்களைச் சேர்த்து ஒட்டியவன் நான்தான். வாளியில் மிச்சமிருந்த டைல்ஸ் பசையால். நான் ஒட்டிய டைல்ஸ் ஒன்றுகூட இதுவரை பெயர்ந்ததில்லை என்று ஊரெல்லாம் பீற்றிக்கொள்கிறவன். புத்தகத்திலும் அந்தப் பெருமையைக் காப்பாற்றிவிட்டேன்.

நாள் முழுக்க யார் வீட்டுத் தரையிலோ மண்டியிட்டுவிட்டு வருகிறவனிடம், மாலையானதும் அந்தப் புத்தகத்து ஆமை வழி கேட்க ஆரம்பித்துவிடும். கடல் எங்கே என்று நத்தையைக் கேட்கும், வாத்தைக் கேட்கும், தவளையைக் கேட்கும், எருமையைக் கேட்கும். ஒன்றுக்கும் தெரியாது. தினமும் அதே ஆமை, அதே கேள்வி. தவளையும் எருமையும் லீவு எடுத்துக்கொண்டால் சீக்கிரம் சாப்பிட உட்காரலாமே என்று தோன்றியது.

மகளுக்கு நாலு வயது. எழுத்து தெரியாது, ஆனால் புத்தகம் மனப்பாடம்.

“தவளை எங்கப்பா?”

“ஊருக்குப் போயிருக்கு.”

“எருமை?”

“அதுவும் கூடவே போயிருக்கு.”

அவள் சிரிக்கவில்லை. விளிம்போடு விரலை ஓட்டி, தடித்திருந்த இடத்தில் நிறுத்தினாள். சரிசெய்கிறேன் பேர்வழி என்று நான் பிடித்து இழுத்தேன். பசை விடவில்லை, காகிதம் விட்டது. தவளையின் தலை ஒரு பக்கம், உடம்பு ஒரு பக்கம். அழுதிருந்தால் சமாளித்திருப்பேன், மிட்டாய் இருந்தது. அவள் புத்தகத்தை மூடி அலமாரியில் வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

அதன்பிறகு அவள் புத்தகம் எதையும் தூக்கிக்கொண்டு வரவில்லை. அதே புத்தகத்தைப் புதிதாக வாங்கிவந்தேன். பிரிக்கவே இல்லை. படிக்கட்டுமா என்றால் முதலில் “தூக்கம் வருதுப்பா”, அப்புறம் “வயிறு வலிக்குது”, அப்புறம் “சும்மா வேணாம்”.

மருத்துவமனையில் மாலை ஷிஃப்ட் பார்க்கும் என் மனைவி, கேட்டதும் முதலில் சிரித்தாள். “புத்தகத்தையும் பாத்ரூம்னு நெனச்சிட்டீங்களா?” சிரிப்பு சீக்கிரமே நின்றது. “லீவு நாள்ல கண்ணு முழிச்சதும் புத்தகத்தோடதாங்க வந்து நிப்பா. இப்ப எங்கிட்டயும் வர்றதில்ல. எனக்கு இது வெளையாட்டாத் தெரியல.”

நூலகத்து அம்மாவைக் கேட்டேன். “கொழந்தைங்கதானே சார், மாறிக்கிட்டே இருப்பாங்க” என்றார். மழலைப் பள்ளி டீச்சரைக் கேட்டேன். “கதை சொல்றப்ப ஜன்னலையே பாத்துட்டிருக்கா” என்றார். ஏன் என்று கேட்டதற்கு, நன்றாகச் சாப்பிடுகிறாள் என்றார். என் மனம் நோகக்கூடாது என்பதில் எல்லோருக்கும் அக்கறை.

பள்ளிக்கூடத்தை விட்டபின் நான் முழுசாகப் படித்ததெல்லாம், பசைக்கு எவ்வளவு தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று மூட்டையில் அச்சடித்திருப்பதைத்தான். என் கைபட்டு இவளும் என்னைப்போல ஆகிவிட்டால்?

ஒருநாள் வேலையிலிருந்து வந்தவன், குளிக்கக்கூட இல்லாமல் அந்தக் கிழிந்த புத்தகத்தோடு தரையில் உட்கார்ந்தேன். தவளையின் தலையை உடம்போடு பொருத்தப் பார்த்தேன், பொருந்தவில்லை. ஆனாலும் வைக்க மனம் வராமல் முதல் பக்கத்திலிருந்து புரட்டினேன். ஆமையின் பின்னால், புல் ஓரமாக ஓர் எறும்பு. அடுத்த பக்கத்திலும் இருந்தது. அதற்கடுத்ததிலும்.

கதவருகே மகள் நின்றுகொண்டிருந்தாள்.

“பாப்பா, யாரு இந்த எறும்பு?”

“அது மொதல்லேர்ந்தே கூட வருது. நீ இப்பத்தான் பாக்கறியா?”

“இப்பத்தான்மா பாக்கறேன். கடைசி வரைக்கும் வருமா?”

“வரும். ஆமைக்குத் தெரியாது.”

அவள் வந்து உட்கார்ந்தாள். ஒட்டி உட்காரவில்லை, நடுவில் ஓர் ஆள் உட்காரும் இடம் விட்டு.

“ஏம்மா என்னைப் படிக்க விடமாட்டேங்கறே? தவளையைக் கிழிச்சிட்டேன்னு கோவமா?”

இல்லை என்று தலையாட்டினாள்.

“அப்ப பக்கத்தை ஒட்டினேனே, அதுக்கா?”

அதற்கும் இல்லையென்றே தலையாட்டினாள். சும்மா என்று சொல்லிவிடுவாளோ என்று பயந்துகொண்டே காத்திருந்தேன். என் முழங்காலில் காய்ந்திருந்த சிமெண்டைச் சுரண்டியபடி சொன்னாள்:

“கடைசில ஆமை கடலைப் பாத்துடும்ல, அப்ப எனக்கு, அது பாத்துடுச்சேன்னு சந்தோஷமா இருக்கும்பா. உனக்கு, முடிஞ்சிடுச்சேன்னு சந்தோஷமா இருக்கும்.”