இரவல் சட்டையும் ஒரு துண்டுச் சீட்டும்

மருதப்பனுக்கு வந்த கடிதத்தை மூன்று பேர் படித்துச் சொன்னார்கள். ஒருத்தர் படித்தால் நம்புகிற ஆளில்லை அவன்.

முதலில் சாப்பாட்டுக்கடை ஒலி முகம்மது படித்தார். ஆற்றங்கரைச் சரக்குக் கிட்டங்கியில் காவல் வேலைக்கு இன்டர்வியூ, வியாழக்கிழமை காலை பத்து மணி என்றார். அடுத்து தபால்காரரை மறித்தான். அவரும் வியாழன், பத்து மணி என்றார். கடைசியில் பஸ்ஸுக்கு நின்ற ஒரு பள்ளிக்கூட வாத்தியாரைப் பிடித்தான். அவரும் அதையே சொன்னார். ஒருத்தரை ஒருத்தர் அறியாத மூன்று பேர் ஒரே பொய்யைச் சொல்ல முடியாது என்று வீட்டுக்கு ஓடினான். நிஜமாகவே ஓடினான், நாற்பத்திரண்டு வயதில், பஃபலோ ரோட்டில், கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு.

"ரத்தினம்! நிஜந்தான்டி!"

பதினாறு வருசமாக ஆற்றங்கரையில் நாள் கூலிக்கு மூட்டை தூக்கியவன். விடியுமுன் போய் வரிசையில் நிற்க வேண்டும். கங்காணி விரல் நீட்டினால் வேலை, நீட்டாவிட்டால் வந்த வழியே நடை. இந்த வேலை கிடைத்தால் மாதச் சம்பளம், எவன் விரலையும் பார்த்து நிற்க வேண்டாம். ஆனால் இருப்பது ஒரே ஒரு வேலை. மனுப் போட்டவர்கள் முப்பது பேர் என்று கேள்வி.

அன்று சாயங்காலமே ரத்தினம்மா மண்ணெண்ணெய் டின்னைக் கவிழ்த்துப் போட்டு அதில் துரை மாதிரி உட்கார்ந்தாள். கல்யாணமாகிப் பதினெட்டு வருசத்தில் புருசனை 'நீ' என்று கூப்பிட அவளுக்குக் கிடைத்த ஒரே வாய்ப்பு. விடுவாளா?

"உள்ள வா. உன் பேரு என்னா?"

"உனக்குத் தெரியாதா?"

"நான் இப்ப தொரை. ஒழுங்கா பதில் சொல்லு."

"மருதப்பன்."

"'ஐயா' எங்க போச்சு? வாயில கொழுக்கட்டையா?"

"மருதப்பன், ஐயா."

"எதுக்கு இந்த வேலைக்கு வந்த?"

"சம்பளத்துக்குத்தான். வேற எதுக்கு?"

ரத்தினம்மா தலையில் அடித்துக்கொண்டாள். துரை போய்ப் பெண்டாட்டி திரும்பி வந்தாள். "விளங்கிரும்! உழைக்க ஆசைன்னு சொல்லுங்களேன்!"

"பொய் சொன்னா கண்டுபிடிச்சிருவான்டி."

அவளுக்கு வந்த சிரிப்பில் டின் சரிந்தது. இரண்டு பேருக்கும் சோறு இறங்கவில்லை, அவ்வளவு பரபரப்பு.

சட்டைதான் சிக்கல். இருந்த ஒரே சட்டை தைப்பூசத்துக்குத் தைப்பூசம் போட்டுப் போட்டு நூலாகியிருந்தது. புதன்கிழமை சலவைக்கார இராமசாமியிடம் போய் நின்றான். இராமசாமி தான் தேய்த்து அடுக்கிய துணிகளிலிருந்து ஒரு வெள்ளை முழுக்கைச் சட்டையை உருவினான். கஞ்சி போட்டதில் மடிப்பு கத்தி மாதிரி நின்றது.

"யாரு சட்டைடா இது?"

"ஆபீஸுல எழுதுற ஒரு கிராணியாரோடது. ஈப்போவுக்குப் போயிருக்காரு லா. வர ரெண்டு வாரம் ஆவும்."

"உன்னை நம்பலாமா?"

"நம்பாத. சட்டையக் குடு இங்க."

மருதப்பன் சட்டையை மார்போடு அணைத்துக்கொண்டான். கழுத்துப் பட்டைக்குள் கறுப்பு மையில் இரண்டு புள்ளியும் ஒரு கோடும் இருந்தன. "இது என்ன அழுக்கு?"

"அழுக்கில்லய்யா, குறி. வாடிக்கைக்கு ஒரு குறி. ஆயிரம் உருப்படி வந்தாலும் மாறாது." இராமசாமி குரலைத் தணித்தான். "ஒண்ணு சொல்றேன் கேட்டுக்க. என் கையிலேருந்து வாங்கினது என் கைக்கே வரணும். சட்டை போச்சுன்னா என் பொழப்புப் போச்சு."

வியாழக்கிழமை ஒன்பதுக்கே போய்விட்டான். பெயர் கூப்பிட்டதும் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்து போனான். உள்ளே பெரிய கிராணி தில்லையம்பலம். யாழ்ப்பாணத்துக்காரர், தடித்த கண்ணாடி. மூலையில் ஒருவன் டைப் அடித்துக்கொண்டிருந்தான்.

"இருமன். ஏன் உமக்கு இந்த வேலை?"

ரத்தினம்மா சொல்லிக் கொடுத்தது அத்தனையும் காற்றோடு போயிற்று. "சம்பளத்துக்குங்க, ஐயா."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "சீட்டில்லாமல் ஒரு மூட்டையை வெளியிலை விடச் சொன்னால்?"

"விடமாட்டேங்க."

"நான் சொன்னால்?"

"நீங்க சொன்னாலும் சீட்டு வேணும், ஐயா."

"எழுத நேரமில்லை எண்டால்?"

"அப்ப மூட்டைக்கும் நேரமில்லைங்க."

டைப் அடித்தவன் சிரித்துவிட்டான். மருதப்பனுக்குத் தெம்பு வந்தது. ஆனால் பெரிய கிராணியின் பேனா நின்றுபோயிருந்தது. அவர் பார்வை மூன்றாவது பொத்தானில் இருந்தது. மற்றதெல்லாம் வெள்ளை, அது மட்டும் பழுப்பு.

"அந்தக் கொலரை ஒருக்கா பிரட்டிக் காட்டும்."

காட்டினான்.

"இது என்ரை சேட்டு! அந்தப் பொத்தான் என்ரை மனுசி தைச்சது. நேற்றுத்தான் நான் ஈப்போவாலை வந்தனான்."

முப்பது பேரில் வேலை இனி எவனுக்கோ. பொய் சொல்லவும் வழியில்லை.

"இருக்கலாங்க ஐயா. எங்கிட்ட நல்ல சட்டை இல்லை. இதுக்குன்னு இரவல் வாங்கினேன்."

"கழட்டித் தாரும்."

ஒவ்வொரு பொத்தானாகக் கழற்றினான். சட்டையை மடித்தான், நீட்டப் போனான். கை நின்றது. வேலைதான் போயிற்று, இராமசாமி பிழைப்பும் போக வேண்டுமா?

"ஒரு சீட்டு எழுதிக் குடுங்க, ஐயா."

"என்ன? என்ரை சேட்டுக்கு நான் உமக்குச் சீட்டு எழுதிறதோ?"

"உங்க சட்டைன்னு நீங்க சொல்றீங்க. குடுத்தவன் கைக்கே வரணும்னு அவன் சொல்லியிருக்கான். சும்மா விட்டுட்டுப் போனா நாளைக்கு அவன்கிட்ட எதைக் காட்டுவேன்?"

டைப் சத்தம் நின்றுவிட்டது. பனியனில் இரண்டு ஓட்டையோடு மருதப்பன் சட்டையைப் பிடித்த பிடி விடாமல் நின்றான். தில்லையம்பலம் அவனைப் பார்த்தார், சட்டையைப் பார்த்தார். பிறகு ஒரு தாளை இழுத்து எழுதினார். ஒரு சட்டைக்கு இவ்வளவு எழுதுவானேன் என்று இவனுக்குச் சந்தேகம். முத்திரை குத்தினார். சீட்டைக் கைக்குள் பத்திரப்படுத்திய பிறகே இவன் சட்டையை விட்டான்.

"இராமசாமிக்கு நான் வந்திட்டன் எண்டு சொல்லும்," என்றார் அவர்.

பனியனோடு பஸ் ஏறி, சிராங்கூன் ரோட்டில் இறங்கி நேரே ஒலி முகம்மதிடம் போனான்.

"இதென்ன கோலம்?" என்றார் அவர்.

"படிங்க முதல்ல."

"சட்டை ஒண்ணு, வெள்ளை, பெற்றுக்கொண்டேன்..."

"அவ்வளவுதானா?"

"இருய்யா. கீழ இன்னொண்ணு இருக்கு. 'மருதப்பன் திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு வேலைக்கு வரவும். சொந்தச் சட்டையில்.'"

"விளையாடாதீங்க, பாய்."

"அல்லாவே! முத்திரை இருக்குதுய்யா!"

சீட்டைப் பிடுங்கிக்கொண்டு ஓடினான். கடைவரிசைக்கு முன்னால் அஞ்சடி நடையில் போன தபால்காரர் படித்தார், திங்கட்கிழமை, ஏழு மணி. பஸ் நிற்குமிடத்துக்குத் திரும்பி ஓடியவனை, வாசலில் நின்ற ரத்தினம்மா கண்டுவிட்டாள்.

"என்னங்க, என்னாச்சு? சட்டை எங்க?"

"இருடி!" கையில் சீட்டைத் தூக்கிப் பிடித்தபடி அவளைத் தாண்டி ஓடினான், முகமெல்லாம் பல்லாக. "இன்னும் ஒரு ஆள் படிக்கணும்!"