நெட்டுக்குப்பத்து டவர்

காலாண்டு முடிந்தால் செங்கொடியின் பிரிவில் யாரும் நேரத்துக்குச் சாப்பிட மாட்டார்கள். அவள் வேலை பார்த்தது ஒரு செல்போன் நிறுவனத்தில். மூன்று மாதத்து வரவு எங்கிருந்து வந்தது, செலவு எங்கே போனது, போன காலாண்டுகளோடு வைத்துப் பார்த்தால் எது ஏறுகிறது, எது இறங்குகிறது என்று பிரித்துச் சொல்வது அந்தப் பிரிவின் வேலை. வடசென்னை அவள் பொறுப்பு. தண்டையார்பேட்டையில் பிறந்து வளர்ந்தவள் என்பதால் கொடுத்தார்கள்.

அந்தக் காலாண்டில் வரவு அசையாமல் நின்றது. ரீசார்ஜ் விலையை ஏற்றியதில் கிடைத்ததெல்லாம், ஜனங்கள் சின்ன பிளானுக்கு இறங்கியதில் போய்விட்டது. செலவு மட்டும் ஏறிக்கொண்டே இருந்தது. டவர்களுக்குக் கரண்ட், ஜெனரேட்டருக்கு டீசல், இடத்துக்கு வாடகை. எந்தெந்த டவர் தன் செலவுக்குக்கூடச் சம்பாதிக்கவில்லை என்று மேலிடம் கேட்டது.

செங்கொடி டவர் டவராகப் பிரித்தாள். வரிசையில் கடைசியாக வந்து நின்றது எண்ணூர் முகத்துவாரத்தை ஒட்டிய நெட்டுக்குப்பம். உப்புக் காற்றில் இரும்பு அரித்து ஓயாத ரிப்பேர். வரவோ மற்ற டவர்களில் பாதிகூட இல்லை, அதுவும் இறங்குமுகம்.

நெட்டுக்குப்பத்தில்தான் அவளுடைய தாய்மாமன் ராமதாஸ் இருந்தார். ஃபைபர் படகில் கடலுக்குப் போகிறவர். அந்த டவரின் சிக்னல் கடலுக்குள்ளும் கொஞ்ச தூரம் எட்டும். படகில் இருந்தபடியே அத்தைக்கு போன் போட்டு, "வந்துகினே கீறேன், ஐஸ் சொல்லி வை" என்பார்.

அத்தையை நினைத்ததும்தான் செங்கொடிக்கு அது உறைத்தது. நெட்டுக்குப்பத்தில் ரீசார்ஜ் கடை கிடையாது. அத்தையும் மற்ற பெண்களும் மீன் விற்கத் தண்டையார்பேட்டைக்கு வருவார்கள், அங்கேயே வீட்டு போன்களுக்கெல்லாம் ரீசார்ஜ் செய்துகொண்டு போவார்கள். கடை எங்கே இருக்கிறதோ அந்தப் பகுதியின் வரவில்தான் பணம் ஏறும். அப்படியென்றால் நெட்டுக்குப்பத்தின் வரவில் பெரும்பகுதி தண்டையார்பேட்டையில் கிடக்கிறது.

இதை எழுதி எடுத்துக்கொண்டு மேலாளர் தேவப்பிரியத்திடம் போனாள். அவர் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், நல்ல மனிதர். நிதானமாகப் படித்தார்.

"நீங்க சொல்றது சரியாத்தான் இருக்கும்" என்றார். "ஆனா நிரூபிக்கணும்லா? எந்த நம்பர் எங்க இருந்து பேசுதுங்கிற விவரம் நெட்வொர்க் டீம்கிட்ட இருக்கு. கேட்டுப் பாருங்க."

கேட்டாள். அடுத்த காலாண்டில் தருகிறோம் என்று பதில் வந்தது. நாளை மறுநாள் கூட்டம். அவள் எழுதியது அறிக்கையின் அடியில் சின்ன எழுத்தில் ஒரு குறிப்பாகச் சுருங்கியது. கடைசிப் பிரதியில், பக்கம் நிறைந்துவிட்டதென்று அதையும் யாரோ எடுத்துவிட்டார்கள்.

"சார், எனக்குத் தெரியும் சார். அது என் மாமா ஊரு" என்று மேலாளரிடம் மறுபடி போய்ச் சொன்னாள்.

தேவப்பிரியம் கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார். "அதை மட்டும் யாருகிட்டயும் சொல்லிராதீங்க. சொந்தக்காரங்களுக்காகப் பேசுறீங்கன்னு ஆயிரும். அப்புறம் இந்த உண்மையையும் எவனும் காதுல வாங்க மாட்டான்."

அவளுக்கு அது தெரிந்திருந்ததே அந்த ஊரைத் தெரிந்ததால்தான். அதைச் சொல்லக் கூடாது என்றால் வேறு எதைச் சொல்வது? இருக்கைக்குத் திரும்பினாள். சாயங்காலம் அத்தைக்கு போன் செய்து, வேறு கம்பெனி சிம் ஒன்று வாங்கி வைக்கச் சொன்னாள்.

"வேற எதுவும் இங்க எடுக்காதும்மா" என்றாள் அத்தை. "ஏன் கேக்கற?"

"சும்மாதான் அத்த."

கூட்டத்தில் முடிவானபடி, மழைக்காலம் தொடங்கும்போது டவரை அணைத்தார்கள். சில வாரம் கழித்து ஒருநாள் காலை, அத்தை சிக்னலுக்காகப் பிரதான சாலைவரை நடந்து வந்து போனில் அழைத்தாள். முந்தின நாள் போன மாமாவின் படகு இன்னும் வரவில்லை.

செங்கொடி லீவு சொல்லிவிட்டு மின்சார ரயிலைப் பிடித்தாள். அவள் போனபோது கரையில் அத்தை போனைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தாள். அதில் சிக்னல் கோடு ஒன்றுகூட இல்லை. அது அத்தைக்கும் தெரியும். ஆனாலும் போனை மடியில் செருகாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மத்தியானத்துக்குப் பிறகு ராமதாஸின் படகை இன்னொரு படகு கட்டி இழுத்து வந்தது. அவருக்கு உதடு வெடித்திருந்தது. உள்ளங்கை இரண்டும் துடுப்புப் போட்டுப் பிய்ந்திருந்தன.

"இஞ்சின் நின்னு பூட்ச்சு" என்றார். "போன் போட்டுகினே இருந்தேன். போகவே இல்ல."

தண்ணீர் குடித்து, கஞ்சி குடித்து, கொஞ்சம் தெளிந்த பிறகு செங்கொடியைப் பார்த்தார். "இன்னாம்மா, உன் கம்பெனிதானே? அந்த டவர மறுபடி போட சொல்லேன்."

"மாமா, அந்த டவர் நஷ்டம்னு கணக்கு போட்டதே நான்தான்."

திட்டுவார் என்று நினைத்தாள். அவர் சிரித்துவிட்டார்.

"உன்ன கேட்டுகினா மூடுனானுங்க? இப்ப நீ சொன்னா தொறப்பானுங்களா?"

செங்கொடி கஞ்சிக் கிண்ணத்தை எடுத்து ஓரமாக வைத்தாள்.

"சரி வா, நானே கேக்கறேன்" என்று எழுந்தார். இருவரும் சாலைவரை நடந்தார்கள். அனல்மின் நிலையத்துச் சாம்பல் லாரிகள் போய்க்கொண்டிருந்த இடத்தில் சிக்னல் கிடைத்தது. ராமதாஸ் வாடிக்கையாளர் சேவை எண்ணை அழுத்தி ஸ்பீக்கரில் போட்டார். வெகுநேரம் பாட்டு ஓடியபின் ஒரு பெண் பேசினாள்.

"எங்க ஊர்ல சிக்னலே இல்லம்மா" என்றார்.

"செக் பண்றேன் சார்... உங்க லொக்கேஷன்ல நெட்வொர்க் நல்லாத்தான் இருக்கு சார்."

"அய்ய, நான் ரோட்டாண்ட வந்து பேசறேம்மா. ஊர்ல எடுத்தா நான் ஏன் இங்க வர்றேன்?"

"இப்போ நீங்க இருக்கற இடத்துல ஃபுல் சிக்னல்னு காட்டுது சார். எனக்கு அதுதான் தெரியும்."

ராமதாஸ் போனைச் செங்கொடியிடம் நீட்டினார். "நீ பேசு. அவங்க பேசறது உனக்குத்தான் புரியும்."

அவள் வாங்கினாள். அந்தப் பெண் பார்க்கும் திரையில் என்ன இருக்கும், என்ன இருக்காது என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். அங்கே நெட்டுக்குப்பம் என்று ஒரு டவரே இப்போது கிடையாது.

"சார்? லைன்ல இருக்கீங்களா?"

"ஒரு கம்ப்ளெயின்ட் நம்பர் மட்டும் குடுங்க" என்றாள் செங்கொடி.

அந்தப் பெண் சொன்னாள். ராமதாஸ் லாரிச் சத்தத்தில் குனிந்து காதைக் கொடுத்துக் கேட்டு, மறந்துவிடக் கூடாதென்று ஒவ்வொரு எண்ணாகச் சத்தமாகத் திருப்பிச் சொல்லிக்கொண்டே வீட்டுப் பக்கம் நடந்தார்.