கரையை விடாத ஆமை

ஆமைக் காப்பகத்தில் என் வேலை, கடலுக்குப் போகிற ஆமையின் ஓட்டில் கருவி ஒட்டுவதும், பிறகு அது எங்கே போகிறது என்று கணினியில் பார்ப்பதும். தொட்டியில் வளர்ந்த ஆமை நடுக்கடலுக்குப் போய்ப் பிழைக்குமா என்பதுதான் கேள்வி. முதலில் விட்ட ஆமையின் பெயர் சாப்பாட்டு ராமன். ஆணா பெண்ணா என்று சொல்லக்கூடிய வயது அதற்கு இன்னும் வரவில்லை. வயிற்றைப் பார்த்து வைத்த பெயர்.

அது போகவே இல்லை. கணினியில் அதன் புள்ளி மீன்பிடித் துறையையே சுற்றிக்கொண்டிருந்தது. இப்படியே இருந்தால் மீதி ஆமைகளுக்குக் கடல் கிடையாது, ஆயுசுக்கும் தொட்டிதான் என்று காப்பகத்தின் டாக்டரம்மா கறாராகச் சொல்லிவிட்டார்.

நேரில் போய்ப் பார்த்தேன். துறையில் மீன் வெட்டும் கொட்டகையில்தான் என் அக்கா வேலை செய்கிறாள். அவள் மேசை தண்ணீரை ஒட்டி இருக்கும். கழிவு போட ஒரு நீல வாளி. காப்பகத்தில் நாங்கள் தீனி கொண்டுபோவதும் அதே மாதிரி நீல வாளியில்தான். அக்கா வாளியை ஓரத்தில் வைத்ததுதான் தாமதம், ராமன் தலையை நீட்டியது. ஒரு கணவாய்த் தலையைப் போட்டாள். தினமும் இந்தக் கூத்துதானாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நான் போட்ட சத்தத்தில் தீனியை நிறுத்தினாள், வாளியையும் ஒளித்துவைத்தாள். அது அங்கேயே பழியாய்க் கிடந்தது. மற்றவர்கள் விரட்டினால் முங்கும். அக்கா எட்டிப் பார்த்தால் மேலே வரும். கடைசியில் டாக்டரம்மாதான் வழி சொன்னார்: காயம் படக் கூடாது, ஆனால் பயம் வர வேண்டும், அதுவும் அக்கா கையால்.

இதைச் சொல்ல நான்தான் போனேன். மற்ற ஆமைகளின் கதியையும் சொன்னேன். கையுறையைக் கூடக் கழற்றாமல் நின்றாள்.

"நான்தான் அடிக்கணுமா?"

"உன்கிட்டதானேக்கா வருது."

ஒரு கழியை எடுத்துக்கொண்டாள். ராமன் வழக்கம்போல் வாயைத் திறந்துகொண்டு வந்தது. முதல் அடி தண்ணீரில் விழுந்தது. தீனி விழுந்ததாக நினைத்ததோ என்னவோ, இன்னும் கிட்டே வந்தது. அடுத்த அடி ஓட்டில். கருவி ஒட்டிய இடத்தை விட்டுத்தான் அடித்தாள். எனக்கே மனசு கேட்கவில்லை. மறுநாளும் வந்தது, மறுநாளும் அடித்தாள். அதன்பிறகு வரவில்லை.

புள்ளி நகர்ந்தது. துறையைத் தாண்டியது, ஆழத்துக்குப் போனது, நீரோட்டத்தைப் பிடித்துக்கொண்டு தெற்கே நீண்டது. டாக்டரம்மா சிரித்து அன்றுதான் பார்த்தேன். மீதி ஆமைகளை விடத் தேதி குறித்தார்கள்.

வரைபடத்தைக் கைபேசியில் படமெடுத்துக்கொண்டு அக்காவிடம் ஓடினேன். அவள் மேசையில் வேறொருத்தி மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். அக்கா தானே கேட்டு உள்ளே, சுவரோர மேசைக்கு மாறியிருந்தாள். படத்தைப் பார்த்தாள். எங்கேயோ நல்லா இருந்தால் சரி என்றாள். அதுதான் போய்விட்டதே, பிறகு எதற்கு இந்த இருட்டில் வந்து உட்கார்ந்திருக்கிறாய் என்று கேட்டேன்.

"தப்பித்தவறித் திரும்பி வந்துச்சுன்னா?" என்றாள். "இன்னொரு தடவ அடிக்க என்னால ஆகாதுடி."